‘நியூ ஃபோல்டர்’ அழிந்தபோது: தொலைந்த புக்மார்க்குகளையும் ஹிஸ்டரியையும் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வருபவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எழுபதைத் தாண்டியவர். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் நில அளவுகளையும் வரிப் பெயர்களையும் பற்றி ஒரு நூல் எழுதி வருகிறார். இங்கே அவரை ஆசிரியர் என்றே குறிப்பிடுகிறேன். பெயர் சொல்லாமல் எழுதுவதற்கு அவரும் வீட்டாரும் சம்மதித்தார்கள்.

வீட்டில் விண்டோஸ் 10 உள்ள ஒரு டெஸ்க்டாப். எழுத்து வேலை முழுக்க அதில்தான். அது போக ஒரு ஆண்ட்ராய்டு ஃபோன், பீரோவில் கிடந்த பழைய லேப்டாப் ஒன்று. மூன்றிலும் குரோம், மூன்றிலும் ஒரே கூகுள் கணக்கு, சிங்க் போட்டிருந்தார்கள். ஒன்றில் புக்மார்க் சேர்த்தால் மற்ற இரண்டிலும் வந்துவிடும். தனியாக பேக்கப் என்று எதுவும் எடுத்ததில்லை. "எல்லாம் கூகுள்ல இருக்கே" என்பதுதான் வீட்டில் எல்லாருடைய நினைப்பும்.

ஆசிரியர் புக்மார்க்கைப் பயன்படுத்திய விதம் கொஞ்சம் வித்தியாசமானது. இந்த நிகழ்வின் கனமே அதில்தான் இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், மதுரைத் திட்டத்தின் உரைகள் என்று பல இடங்களிலிருந்து பக்கங்களைச் சேர்ப்பார். சேர்த்ததும் குரோம் தானாகப் போடும் தலைப்பை அழித்துவிட்டு, தொகுதி எண், கல்வெட்டு எண், பக்கம், தன் நூலில் எந்த இயலுக்கு ஆகும், படித்ததில் என்ன சந்தேகம் என்று எல்லாவற்றையும் புக்மார்க்கின் பெயராகவே எழுதி வைப்பார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அடங்கிய இரண்டாம் தொகுதிக்கு மட்டும் தனியாக ஒரு உள்ஃபோல்டர். பல வருட உழைப்பு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள்.

இவ்வளவு கவனமாகப் பெயர் வைத்தவர், எல்லாவற்றுக்கும் மேலே இருந்த ஃபோல்டருக்கு மட்டும் பெயரே வைக்கவில்லை. அது குரோம் கொடுத்த ‘நியூ ஃபோல்டர்’ என்ற பெயரோடு புக்மார்க் பட்டையில் அப்படியே இருந்தது.

நடந்தது

மே மாத விடுமுறைக்கு வந்த பேரன், கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று பார்த்து அதைச் "சுத்தம்" செய்தான். செய்தது இரண்டு வேலை. முதலில் குரோமில் பிரவுசிங் டேட்டாவை அழிக்கும் பெட்டியைத் திறந்து, முழுக் காலத்துக்கும் என்று தேர்ந்தெடுத்து, எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டு அழித்தான். இதில் ஹிஸ்டரி போனது. புக்மார்க் போகவில்லை, அந்தப் பெட்டிக்கும் புக்மார்க்குக்கும் தொடர்பில்லை. அப்புறம் புக்மார்க் பட்டையில் ‘நியூ ஃபோல்டர்’ என்று ஒன்று கிடப்பதைப் பார்த்து, யாரோ தவறுதலாக உருவாக்கியது என்று நினைத்து அதையும் நீக்கினான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தப் பெயரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அன்று குரோமை மூடாமல் இருந்து, உடனே யாராவது கவனித்திருந்தால், புக்மார்க் மேனேஜரில் கன்ட்ரோல் இசட் அழுத்தியே ஃபோல்டரைத் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம். ஆசிரியர் கவனித்தது மறுநாள். ஃபோனில் இருக்கும் என்று நம்பித் திறந்தார், அங்கும் இல்லை. சிங்க் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

அடுத்து வந்தவை வழக்கமான யோசனைகள். தெரிந்த ஒரு சர்வீஸ்காரர் ஃபோனிலேயே, கணக்கை விட்டு வெளியே வந்து மறுபடி உள்ளே போகச் சொன்னார். மகன் அதைச் செய்தார், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தார், குரோமை மூடித் திறந்து பார்த்தார். லேப்டாப்பையும் திறந்து பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. நல்ல காலம், அதன் சார்ஜர் உடனே கிடைக்கவில்லை. அந்த நிலையில்தான் எனக்கு அழைப்பு வந்தது.

ஃபோனில் நான் சொன்னது இதுதான்: எந்தக் கருவியிலும் குரோமைத் திறக்காதீர்கள், லேப்டாப்பை ஆன் செய்யவே வேண்டாம்.

டெஸ்க்டாப்பில் கண்டது

நேரில் போனதும் குரோமைத் திறக்காமல், அதன் தரவு முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தேன். விண்டோஸில் இது பயனரின் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா என்ற வரிசையில் இருக்கும். ஆப்டேட்டா மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர், மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். யூசர் டேட்டாவுக்குள் டிஃபால்ட் என்பது முதல் புரொஃபைல் (ஒருவருடைய புக்மார்க், ஹிஸ்டரி, அமைப்புகள் எல்லாம் அடங்கிய தொகுப்பு), வேறு ஆட்களுக்குப் புரொஃபைல் உருவாக்கியிருந்தால் புரொஃபைல் 1, புரொஃபைல் 2 என்று தனித்தனி ஃபோல்டர்கள் இருக்கும்.

முதல் கேள்வி, உண்மையிலேயே எதுவும் அழிந்ததா என்பதே. புக்மார்க் காணோம் என்று வரும் பலருக்கு அது அழிந்திருக்காது. வேறொரு புரொஃபைல் திறந்திருக்கும், அல்லது வேறொரு கூகுள் கணக்கில் நுழைந்திருப்பார்கள், அல்லது விண்டோஸே தற்காலிகப் பயனராக உள்ளே விட்டிருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனிப் புரொஃபைல் என்று ஆனது, அதனால் வேறு இடத்தில் மறுபடி நிறுவினால் பழைய புக்மார்க்குகள் போய்விட்டது போலத் தோன்றும். இங்கே அப்படி எதுவும் இல்லை. இருந்தது டிஃபால்ட் ஒன்று மட்டுமே, கணக்கும் ஆசிரியருடையதே. பட்டையில் இருந்த மற்ற புக்மார்க்குகள் இடம் மாறாமல் இருந்தன. ஆக, ஃபோல்டர் நிஜமாகவே அழிந்திருந்தது.

குரோமின் புக்மார்க்குகள் ‘புக்மார்க்ஸ்’ என்ற ஒற்றைக் கோப்பில் இருக்கின்றன. ஜேசன் என்ற எழுத்து வடிவம், நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். பக்கத்திலேயே அதே பெயரில் ‘பேக்’ என்ற பின்னொட்டோடு ஒரு நகல் இருக்கும். பலர் இந்த நகலைத்தான் மந்திரம் போலச் சொல்வார்கள். ஆனால் இது எப்போது எழுதப்படுகிறது என்பது முக்கியம். குரோமைத் திறந்த பிறகு புக்மார்க்கில் முதல் மாற்றம் சேமிக்கப்படும் நேரத்தில், அதுவரை இருந்த கோப்பை நகலாக எடுத்து வைக்கிறது. அழித்த அன்றே, குரோமை மூடிவிட்டு மறுபடி திறக்காமல் இருந்திருந்தால், அழிப்பதற்கு முந்தைய நிலை அந்த நகலில் இருந்திருக்கும். மறுபடி திறந்து, கணக்கிலிருந்து வெளியேறி, உள்ளே நுழைந்து என்று செய்ததில் நகலும் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. கோப்பின் தேதி அதைக் காட்டியது. நோட்பேடில் "தொகுதி" என்று தேடிப் பார்த்தேன், இரண்டு கோப்பிலும் ஒரு இடத்தில்கூட இல்லை.

ஹிஸ்டரி கோப்பும் அழிப்புக்குப் பிந்தைய பதிவுகளோடு மட்டுமே இருந்தது. விண்டோஸின் பழைய பதிப்புகள் என்ற தாவலில் ஒன்றும் இல்லை. மகன், டெலீட் ஆனதை மீட்கும் மென்பொருள் போடலாமா என்று கேட்டார். அந்த டெஸ்க்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வகை. அழித்த இடத்தை ட்ரிம் என்ற ஏற்பாட்டின் மூலம் அது தானே காலி செய்துவிடும். அதில் மீட்பு மென்பொருளை நிறுவுவதே மேலும் எழுதுவதாகும். வேண்டாம் என்றேன்.

கூகுள் கணக்கில் சிங்க் தரவைக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. என்னுடைய கம்ப்யூட்டரிலிருந்து ஆசிரியரை அதில் நுழையச் சொல்லிப் பார்த்தோம், பிரவுசர் கணக்கோடு இணையாமல், தனி விண்டோவில். அங்கே காட்டிய புக்மார்க் எண்ணிக்கை டெஸ்க்டாப்பில் மீந்திருந்ததோடு ஒத்துப்போனது. அதாவது சர்வரிலும் போய்விட்டது. கணக்கில் உள்ள தரவைத் தரவிறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் கொடுப்பது இன்றைய நிலையை மட்டும்தான், அதனால் அதுவும் உதவாது.

லேப்டாப்: ஏன் அதை ஆன் செய்யவில்லை

மீதி இருந்த ஒரே நம்பிக்கை லேப்டாப். பொங்கலுக்கு முன் ஒரு பயணத்தில் பயன்படுத்திவிட்டு பீரோவில் வைத்தது, அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. ஜனவரி வரையிலான புக்மார்க்குகள் அதன் வன்தட்டில் இருக்க வேண்டும். பிரச்சினை என்னவென்றால், அதை வீட்டு வைஃபையில் திறந்தால் குரோம் சர்வரோடு பேசும், ஃபோல்டர் நீக்கப்பட்ட செய்தி வந்து சேரும், நொடிகளில் அங்கும் மறைந்துவிடும்.

ரூட்டரை அணைத்துவிட்டு லேப்டாப்பை ஆன் செய்தால் போதாதா என்று மகன் கேட்டார். புக்மார்க்குக்கு அது போதும், ஹிஸ்டரிக்குப் போதாது. குரோம் தன் கருவியில் 90 நாள் ஹிஸ்டரியைத்தான் வைத்திருக்கும், பழையவற்றைத் தானே நீக்கும். ஜனவரியில் மூடிய லேப்டாப்பில் அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி வரை இருக்கும். மே மாதத்தில் குரோமைத் திறந்தால், அந்த 90 நாள் கணக்கு மே மாதத்திலிருந்து பின்னோக்கிப் போகும். அப்படியானால் அதில் இருப்பது முழுவதுமே காலாவதி. இதற்கு இணையம் தேவையில்லை, குரோம் ஓடினாலே போதும். விண்டோஸ் ஆன் ஆனதும் பின்னணியில் குரோம் தானாக ஓடும்படி அமைத்திருக்கிறதா என்பதும் யாருக்கும் நினைவில்லை.

ஆகவே விண்டோஸையே துவக்காமல், உபுண்டு என்ற வேறொரு இயங்குதளம் ஏற்றிய பென் டிரைவிலிருந்து லேப்டாப்பைத் துவக்குவது என்று முடிவு செய்தோம். ரூட்டரையும் அணைத்தோம், அது கூடுதல் பத்திரம்தான். வன்தட்டு குறியாக்கம் செய்யப்படாததால் நேராகத் திறந்தது. விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதி நிலையைச் சேமித்து வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக, படிக்க மட்டும் அனுமதி, எழுத முடியாது என்று உபுண்டு சொன்னது. வேறொரு நாளில் எரிச்சலூட்டியிருக்கும், அன்று அதுதான் வேண்டியிருந்தது. யூசர் டேட்டா முழுவதையும் இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டு லேப்டாப்பை அணைத்தோம்.

நகலில் இருந்த புக்மார்க்ஸ் கோப்பைத் திறந்து "தொகுதி" என்று தேடியதும் வரிசையாக வந்தது. ஆசிரியர் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, தன் குறிப்புகளை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். வேலையைத் தொடரக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

திரும்ப வைத்த விதம்

அந்தக் கோப்பை அப்படியே எடுத்து டெஸ்க்டாப்பில் போட்டுவிடலாம் என்பது முதலில் தோன்றும் வழி. சிங்க் இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. புக்மார்க்ஸ் கோப்புக்குள்ளேயே சிங்க் பற்றிய குறிப்புகளும் இருக்கின்றன. பழைய கோப்பைப் பார்க்கும் சர்வர், "ஜனவரிக்குப் பிறகு நடந்த மாற்றங்கள் இவை" என்று நீக்கத்தையும் சேர்த்து அனுப்பும். மீட்ட ஃபோல்டர் கண் முன்னால் மறுபடி மறையும்.

அதனால் சுற்று வழி. எந்தக் கணக்கிலும் நுழையாத, புதிதாக குரோம் நிறுவிய வேறொரு கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பின் நகலை டிஃபால்ட் ஃபோல்டருக்குள் வைத்துத் திறந்தோம். எல்லா உள்ஃபோல்டர்களும் தமிழ்ப் பெயர்களோடு வந்தன. புக்மார்க் மேனேஜரிலிருந்து எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்தோம். இந்த எச்டிஎம்எல் வடிவம் நெட்ஸ்கேப் காலத்திலிருந்து வருவது, எல்லா பிரவுசர்களும் படிக்கும். பெயர், முகவரி, சேர்த்த தேதி, ஃபோல்டர் அடுக்கு எல்லாம் அதில் தங்கும். பிறகு டெஸ்க்டாப் குரோமில் அதை இறக்குமதி செய்தோம். இவை புதிய புக்மார்க்குகளாகச் சேர்வதால் சர்வர் பழைய நீக்கத்தோடு பொருத்திப் பார்க்காது. கொஞ்ச நேரத்தில் ஃபோனிலும் வந்துவிட்டன. பட்டையில் ஏற்கனவே இருந்தவை இரட்டிப்பாயின, அவற்றை மட்டும் கையால் நீக்கினோம்.

மேல் ஃபோல்டருக்கு இந்த முறை ‘கல்வெட்டு நூல்’ என்று பேரனே பெயர் வைத்தான்.

ஹிஸ்டரியும் நான்கு மாத இடைவெளியும்

ஜனவரி வரை மீண்டது. ஜனவரியிலிருந்து மே வரை சேர்த்தவை லேப்டாப்பில் கிடையாது. அந்த மாதங்களில்தான் ஆசிரியர் வரிகள் பற்றிய இயலை எழுதியிருந்தார்.

லேப்டாப்பின் ஹிஸ்டரி கோப்பு எஸ்க்யூலைட் தரவுத்தளம். அதை டிபி பிரவுசர் என்ற இலவச மென்பொருளில் திறக்கலாம். குரோம் ஓடும்போது கோப்பு பூட்டியிருக்கும், நகலில் அந்தத் தொல்லை இல்லை. முகவரி, தலைப்பு, எத்தனை முறை பார்த்தது, கடைசியாக எப்போது பார்த்தது எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கும். நேரம் மட்டும் விநோதமான நீண்ட எண்ணாகத் தெரியும். அது 1601 ஜனவரி 1 முதல் எண்ணிய மைக்ரோ விநாடி. பத்து லட்சத்தால் வகுத்து 11644473600ஐக் கழித்தால் 1970இலிருந்து எண்ணும் வழக்கமான கணினி நேரம் கிடைக்கும், அதோடு ஐந்தரை மணி சேர்த்தால் நம் நேரம். இப்படி அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான ஹிஸ்டரி அட்டவணையாக வந்தது. புக்மார்க்கில் இல்லாமல், பார்த்துவிட்டு மறந்துபோன சில பக்கங்களை ஆசிரியர் இதில் கண்டுபிடித்தார்.

நான்கு மாத இடைவெளிக்கு ஒரே மூலம் என்று எதுவும் இல்லை, துண்டு துண்டாகத்தான் தேட வேண்டியிருந்தது. கூகுள் கணக்கின் மை ஆக்டிவிட்டி பக்கத்தில், அவர் தேடிய சொற்களும் தேடல் முடிவிலிருந்து சொடுக்கிய சில பக்கங்களும் தேதியோடு இருந்தன. பிரவுசரில் ஹிஸ்டரி அழித்தாலும் தேடல் பதிவு தனியாக நிற்கும் என்பது இங்கே உதவியது. (தனியுரிமை பற்றிக் கவலைப்படுபவர்கள் இதைத் திருப்பிப் போட்டுப் படிக்கலாம்.) ஃபோனில் அவர் மூடாமல் விட்டிருந்த தாவல்கள் ஏராளம். டெஸ்க்டாப்பில் ஹிஸ்டரியை அழித்தது ஃபோனின் திறந்த தாவல்களைத் தொடவில்லை. தாவலை மூடவே மாட்டேன் என்ற அவருடைய பழக்கத்தை வீட்டில் எல்லாரும் கிண்டல் செய்வார்களாம், இந்த முறை யாரும் பேசவில்லை.

எதிர்பாராமல் அதிகம் கொடுத்தவை அவருடைய வேர்ட் வரைவுகள். அடிக்குறிப்புகளில் இணைப்புகளை ஒட்டியிருந்தார். டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் தொகுப்பு. நகல் எடுத்து, பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே இணைப்பு முகவரிகள் தனிக் கோப்பில் வரிசையாக இருக்கும். வரி இயலின் பல வரைவுகளிலிருந்து அவற்றைத் திரட்டினோம். முகவரி மாறிப் போய்த் திறக்காதவற்றில் சிலவற்றை, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பார்க்க முடிந்தது.

கிடைத்ததும் கிடைக்காததும்

ஜனவரி வரையிலான புக்மார்க்குகள் முழுமையாக, குறிப்புகளோடு மீண்டன. அக்டோபர் முதல் ஜனவரி வரை லேப்டாப்பில் பார்த்தவற்றின் ஹிஸ்டரி கிடைத்தது. டெஸ்க்டாப்பின் ஹிஸ்டரி போனது போனதுதான்.

ஜனவரிக்குப் பிந்தைய பக்கங்களில் பெரும்பாலானவற்றின் முகவரி கிடைத்ததாக ஆசிரியர் சொன்னார். ஆனால் முகவரி மட்டும்தான். தேடல் பதிவும் தாவலும் வரைவும் பக்கத்தின் சொந்தத் தலைப்பைத்தான் தரும், அவர் எழுதிய பெயரை அல்ல. பட்டியலைக் கொடுத்தபோது ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பக்கம் கிடைச்சாப் போதாது தம்பி, அதுல நான் என்ன சந்தேகப்பட்டேன்னு எழுதி வெச்சிருந்தேன், அதுதான் வேணும்" என்றார். அதற்குப் பதில் இல்லை. வரி இயலுக்கு அவர் அந்தக் கல்வெட்டுகளை மறுபடி படிக்க வேண்டியிருந்தது. நூல் அதனால் தள்ளிப்போனது. மறுபடி படித்ததில் பழைய கருத்து ஒன்றை மாற்றிக்கொண்டதாகப் பிறகு சொன்னார், அதை மீட்பின் கணக்கில் சேர்க்க முடியாது.

மாற்றியவை

மாதத்துக்கு ஒரு முறை புக்மார்க்குகளை எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து, தேதியைக் கோப்பின் பெயரில் சேர்த்து, தனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்கிறார். சிங்க் இதற்கு மாற்று இல்லை, அது நீக்கத்தையும் சேர்த்தே பரப்பும். ஃபயர்ஃபாக்ஸ் இந்த விஷயத்தில் மேல்: தேதியிட்ட புக்மார்க் நகல்கள் பலவற்றைத் தன் புரொஃபைலுக்குள் தானே வைத்துக்கொள்ளும், லைப்ரரியில் மீட்டமை என்ற இடத்தில் தேதியைத் தேர்ந்தெடுத்தால் போதும். குரோம் வைத்திருப்பது ஒரே ஒரு நகல். ஆசிரியரை ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறச் சொன்னேன், எழுத்துரு பிடிக்கவில்லை என்று மறுத்துவிட்டார். சரி, கட்டாயப்படுத்தும் விஷயம் இல்லை.

பேரனுக்குக் குரோமில் கெஸ்ட் விண்டோவை எப்படித் திறப்பது என்று காட்டியாயிற்று. அதில் என்ன செய்தாலும் தாத்தாவின் புரொஃபைலைத் தொடாது.

இதே போல வேறொருவர் அழைத்தால், நான் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசையும் மாறியிருக்கிறது. எப்போது காணாமல் போனது என்பதற்கு முன்னால், அதற்குப் பிறகு பிரவுசரைத் திறந்தீர்களா என்று கேட்கிறேன். இல்லை என்றால் பேக் நகலே போதும், வேலை பத்து நிமிடத்தில் முடியும். ஆமாம் என்றால், அதே கணக்கோடு கொஞ்ச நாளாக அணைந்து கிடக்கும் கருவி வேறு ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

புக்மார்க்கின் பெயரில் குறிப்பு எழுதுவதை விட்டு ஒரு எக்செல் தாளில் எழுதச் சொன்னதை மட்டும் ஆசிரியர் ஏற்கவில்லை. படிக்கும் இடத்திலேயே எழுதினால்தான் தனக்கு ஓடும் என்கிறார். மாதாந்திர எச்டிஎம்எல் கோப்பில் அந்தப் பெயர்களும் சேர்ந்தே வருவதால் நானும் வற்புறுத்தவில்லை.